ஐந்து ஊருக்கு ஓர் ஆயர்

மூன்றாம் முறை விளம்பரம் கொடுத்த பிறகு ஒரே ஒரு விண்ணப்பம் வந்தது. ஆல்டர்வே ஊரின் ரோசலிண்ட் பீக் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து ஊர்களுக்கும் போன் போட்டு, கரைசேராத பெண்ணுக்கு வரன் அமைந்த தாயைப் போல மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள்.

மூச்சு வாங்கியதில் தப்பில்லை. பழைய ஆயர் முழங்கால் வலியோடு ஓய்வுபெற்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து டவுனிலிருந்து எண்பத்துநாலு வயது ஓய்வுபெற்ற போதகர் ஒருவர் வந்து, ஐந்து தேவாலயங்களையும் மாற்றி மாற்றிச் சமாளித்துக்கொண்டிருந்தார். ஈஸ்டருக்குச் சொன்ன பிரசங்கத்தையே ஒருமுறை அறுவடைத் திருநாளுக்கும் சொன்னார். யாரும் திருத்தவில்லை. அவரும் வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம். முதல் விளம்பரத்துக்கு ஒருவரும் எழுதவில்லை. இரண்டாம் விளம்பரத்துக்கு ஒருவர் வந்தார். ஆயர் வீட்டைச் சுற்றிப் பார்த்து, இன்டர்நெட் வேகம் எவ்வளவு என்று கேட்டு, ஐந்து ஊர்களுக்கும் நடுவிலுள்ள மலைப்பாதையில் ஒருமுறை காரில் போய்வந்து, அன்று மாலையே வேண்டாம் என்று எழுதிவிட்டார்.

பேராயருக்கு அடுத்த நிலையில் இருந்து இந்த வட்டாரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆர்ச்டீக்கன் லயனல் ஸ்ட்ராங் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். இந்த முறையும் ஆள் அமையாவிட்டால் இந்தப் பதவியையே நிறுத்திவைத்து, ஐந்து ஊர்களையும் டவுனோடு சேர்த்துவிடுவார்கள். இரண்டு தேவாலயங்கள் மூடப்படும். எந்த இரண்டு என்று அவர் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேர் வரும் கிரெய்க்டனில் யாருக்கும் அதைச் சொல்ல வேண்டியதுமில்லை.

கிரெய்க்டனின் சபை வார்டன் க்ளெனிஸ் ப்ரோபர்ட். வயது அறுபத்தொன்று. பதினோரு வருஷமாக அந்தச் சின்னத் தேவாலயத்தைத் திறந்து, மணியடித்து, பீடத்து விரிப்பில் விழுந்த வௌவால் எச்சத்தைத் துடைத்து, பூட்டிவிட்டு வந்தவள். ஊருக்கு இரண்டு பேர் வீதம் ஐந்து ஊருக்கும் பத்துப் பிரதிநிதிகள். ஆயரைத் தேர்ந்தெடுக்கும் முறையில் ஒரு விதி உண்டு: பத்துப் பேரில் ஒருவர் சம்மதிக்கவில்லை என்றாலும் நியமனம் நின்றுவிடும். அந்தப் பத்தில் க்ளெனிஸ் ஒருத்தி. கிரெய்க்டனின் இன்னொரு பிரதிநிதி, அடுத்த பண்ணைக்காரர் க்ளெம் பஃப்டன், எழுபத்தெட்டு வயது.

விண்ணப்பத்தில் இருந்த பெயர் ஹெஸ்டர் டின்ஸ்லி. ஐம்பத்தொரு வயது. கணவர் இறந்துவிட்டார். ஊழியத்துக்கு வருமுன் பதினோரு வருஷம் கால்நடை மருத்துவர். அந்தக் கடைசி வரியைப் படித்ததும் ஐந்து ஊருக்கும் பிடித்துப்போயிற்று. வேல்ஸ் எல்லையை ஒட்டிய இந்த மலைகளில் மனிதர்களைவிடச் செம்மறிகள்தான் அதிகம்.

"நல்லதாப் போச்சு," என்றார் க்ளெம். "கிழவனுக்கு ஜெபம் பண்ண வர்றப்ப அப்படியே கிடாவுக்கும் ஒரு ஊசி போட்டுட்டுப் போயிடுவா."

க்ளெனிஸும் சேர்ந்துதான் சிரித்தாள். ஒரு கால்நடை டாக்டரை அவள் மறக்கவில்லைதான்; ஆனால் நாட்டில் கால்நடை டாக்டர்களுக்கா பஞ்சம்?

நேர்காணல் ஜூன் மாதத்து வியாழக்கிழமை, ஆல்டர்வே சமுதாயக்கூடத்தில். க்ளெனிஸ் பிஸ்கட் தட்டை மேசையில் வைத்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

"மழைக்கு முன்னாடி வந்துடலாம்னு பாத்தேன். மழை ஜெயிச்சிடுச்சு," என்றாள் வந்தவள்.

எல்லோரும் சிரித்தார்கள். க்ளெனிஸ் தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. குட்டையாக வெட்டிய நரைமுடியையும் கழுத்துப் பட்டையையும் மூக்குக் கண்ணாடியையும் அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்தக் குரல்! மிரண்ட ஆட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் தணிந்துவிடும் அந்தக் குரலை அவள் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் தன் சமையலறை வாசலில் கேட்டிருக்கிறாள்.

அது 2001-ஆம் வருஷத்து மார்ச். நாடெங்கும் கோமாரி. க்ளெம் பஃப்டனின் பட்டியில் ஆறு ஆடுகளுக்கு வாயில் கொப்புளம் கண்டது. நோய் கண்ட பண்ணையை ஒட்டிய பண்ணைகளின் ஆடுகளையும், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கொன்றுவிட வேண்டும் என்பது உத்தரவு. க்ளெமுக்கும் ப்ரோபர்ட் குடும்பத்துக்கும் எல்லைச் சுவர் ஒன்றே. முந்நூற்றுச் சொச்சம் தாயாடுகள். பாதிக்கு மேல் குட்டி போட்டிருந்தன. க்ளெனிஸின் கணவன் எம்ரிஸ் அவற்றை முகம் பார்த்தே அடையாளம் சொல்வான்.

எம்ரிஸ் பண்ணைக் கதவுக்குச் சங்கிலி சுற்றிப் பெரிய பூட்டாகப் போட்டான். வெளியே லாரியும் போலீஸும். மாடியறையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு வக்கீலோடு பேசிக்கொண்டிருந்தான். மதியத்துக்குள் கோர்ட்டில் தடை வாங்கிவிடலாம், அதுவரை ஒருவரையும் உள்ளே விடாதீர்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

அப்போது வயல் வழியாகச் சமையலறை வாசலுக்குத் தனியாக ஒரு பெண் வந்தாள். தலைமுதல் கால்வரை வெள்ளைப் பாதுகாப்பு உடை போட்டிருந்தாள். முப்பது வயது இருக்காது. டாக்டர் மார்லோ என்று சொன்னாள்; டின்ஸ்லி கல்யாணத்துக்குப் பின் வந்த பெயராக இருக்க வேண்டும். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன.

"நாளைக்குன்னா வயல்ல வச்சுச் சுடுவாங்க," என்றாள். "ஓட ஓடச் சுடுவாங்க, மிஸஸ் ப்ரோபர்ட். முந்தாநாள் அதைப் பாத்துட்டுத்தான் வர்றேன். இன்னிக்குன்னா பட்டிக்குள்ள. ஒவ்வொண்ணு பக்கத்துலயும் நான் நிப்பேன். கடைசி வரைக்கும் நிப்பேன்."

க்ளெனிஸ் மூன்று நாளாகத் தூங்கவில்லை. மாடியில் எம்ரிஸின் குரல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. டீ டப்பாவுக்குப் பின்னால் ஆணியில் அந்தப் பூட்டின் இன்னொரு சாவி தொங்கியது. அவள் அதை எடுத்துக் கொடுத்தாள்.

லாரிச் சத்தம் கேட்டு எம்ரிஸ் இறங்கி ஓடிவந்தபோது முற்றத்தில் ஆட்கள் நின்றார்கள். எவன் திறந்தான் என்று அவன் கத்திய கத்தல் க்ளெம் வீடுவரை கேட்டதாம். அந்தப் பெண் அவனுக்கும் வீட்டுக்கும் நடுவில் வந்து நின்றாள். "சங்கிலிய வெட்டச் சொன்னது நான்தான்," என்றாள். உண்மையிலேயே வெட்டிய சங்கிலி ஒருவன் கையில் இருந்தது. சாவியை வைத்துத் திறந்தபின் வெட்டச் சொல்லியிருக்கிறாள். எம்ரிஸ் வாய்க்கு வந்தபடியெல்லாம் சபித்தான். நீ தொட்டது எதுவும் விளங்காது என்றான். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். போகும்போது சாவியை க்ளெனிஸின் ஏப்ரன் பைக்குள் போட்டுவிட்டுப் போனாள்.

தடை உத்தரவு கிடைத்துவிட்டதென்று வக்கீல் போன் செய்தபோது மணி ஒன்றே முக்கால். எல்லாம் முடிந்திருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரன் அன்று மாலைவரை கதவைத் திறக்கவில்லை. அவன் ஆடுகள் பிழைத்தன. மூன்று வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ப்ரோபர்ட் பண்ணையில் ஓர் ஆட்டுக்குக்கூட நோய் இல்லை.

எம்ரிஸ் அதன்பிறகு ஆடு வாங்கவில்லை. புல்வெளியைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பள்ளிக்கூட மினிபஸ் ஓட்டப் போனான். தேவாலயத்துக்கும் வருவதை விட்டான். கிறிஸ்துமஸில் இரண்டு கிளாஸ் பீர் உள்ளே போனால் "அந்தச் சங்கிலிக்காரி" என்று ஆரம்பிப்பான். க்ளெனிஸ் தலையாட்டுவாள். இருபத்திரண்டு வருஷமாகத் தலையாட்டியிருக்கிறாள்.

இப்போது அந்தச் சங்கிலிக்காரி மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

கேள்விகளை ரோசலிண்ட் முன்கூட்டியே தட்டச்சுச் செய்து ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்திருந்தாள். இளைஞர்களை எப்படி இழுப்பீர்கள், ஐந்து கமிட்டிகளை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று வரிசையாகப் போயிற்று. ஹெஸ்டர் நிதானமாகப் பதில் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றாள். ஆறாவது கேள்வி க்ளெனிஸுடையது. அதுவரை காகிதத்தை அவள் சரியாகப் பார்க்கவில்லை. வாசிக்கும்போதுதான் என்ன கேட்கிறோம் என்பது உறைத்தது.

"ஒரு ஊர்ல... உங்க மேல கோபம் இருந்தா, நீங்க என்ன செய்வீங்க?"

ஹெஸ்டர் கண்ணாடியைக் கழற்றினாள். நேராக க்ளெனிஸைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே தெரிந்துவிட்டது, இவளும் அடையாளம் கண்டுகொண்டுவிட்டாள் என்று.

"கோபப்பட அவங்களுக்கு நேரம் குடுப்பேன்," என்றாள். "பதில் சொல்ல அவசரப்பட மாட்டேன். ஆனா பக்கத்துலயே இருப்பேன். முன்னாடி நான் பாத்த வேலையில, கோபத்தை வாங்கிக்கிட்டு மறுநாளே வேற இடத்துக்குப் போயிடுவேன். அது சுலபம். இருந்து பாக்கறதுதான் கஷ்டம்."

"ரொம்ப நல்லாச் சொன்னீங்க," என்று ரோசலிண்ட் குறித்துக்கொண்டாள்.

இடைவேளையில் க்ளெனிஸ் கூடத்தின் பின்னாலிருந்த சமையலறையில் போய்க் கோப்பைகளைக் கழுவ ஆரம்பித்தாள். பின்னால் காலடிச் சத்தம். ஹெஸ்டர் துண்டை எடுத்து, கழுவிய கோப்பை ஒன்றைத் துடைத்தாள்.

"உங்க பேரைப் பட்டியல்ல போன வாரம்தான் பாத்தேன், மிஸஸ் ப்ரோபர்ட். வராமலே இருந்திருக்கலாம். முகத்துக்கு நேரா கேக்கறதுதான் முறைன்னு தோணிச்சு."

"என்ன கேக்கணும்?"

"நான் விலகிக்கட்டுமா? குடும்பக் காரணம்னு சொல்லிடறேன். உங்க பேரே வராது."

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். எத்தனை சுலபம்!

"அவருக்கு இன்னும் தெரியாது," என்றாள் க்ளெனிஸ்.

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "இன்னுமா?"

அந்தச் சொல்லில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. வெறும் ஆச்சரியம்தான். ஆனால் க்ளெனிஸுக்குக் கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. "நீங்க எதுக்கு அன்னிக்கு அப்படி..." என்று தொடங்கினாள். அதற்குள் ரோசலிண்ட் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

"அடடே, ரெண்டு பேரும் அதுக்குள்ள சிநேகமாயிட்டீங்களா! ரெவரெண்ட், விருந்தாளி துண்டெடுக்கக் கூடாது. வாங்க, வாங்க."

"எதுவும் சொல்லிடாதீங்க," என்று க்ளெனிஸ் மெதுவாகச் சொன்னாள். "விலகவும் வேணாம். கொஞ்சம் பொறுங்க."

இரண்டு மணிக்கு ஹெஸ்டரைப் பக்கத்திலிருந்த தேவாலயத்தின் பின்னறையில் உட்காரவைத்துவிட்டு, பத்துப் பேரும் ஆர்ச்டீக்கனும் கூடத்துக் கதவைச் சாத்தினார்கள். ஆர்ச்டீக்கன் ஊர் ஊராகக் கேட்டார். ஆல்டர்வே சம்மதம், இரண்டு பேர். நெதர்கோட் சம்மதம். மற்ற இரண்டு ஊர்களும் சம்மதம். க்ளெம் பஃப்டன் ஒரு கணம் தயங்கி, "எனக்குச் சரி," என்றார்.

"மிஸஸ் ப்ரோபர்ட்?"

எல்லோரும் ஏற்கெனவே காகிதங்களை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"எனக்கு ஒரு மணி நேரம் வேணும்," என்றாள் க்ளெனிஸ்.

அடுக்கிய கைகள் நின்றன.

"ஒரு மணி நேரமா? எதுக்கு?" என்றாள் ரோசலிண்ட்.

"வீட்டுக்குப் போய்ட்டு வரணும்."

"அடுப்புல ஏதாவது வச்சுட்டு வந்துட்டியா?" நெதர்கோட்காரர் ஒருவர் சிரிக்கப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

"க்ளெனிஸ், ரெண்டு வருஷம்!" ரோசலிண்டின் குரல் உடைந்தது. "ரெண்டு வருஷமா எழுதி, கெஞ்சி, போட்டோ புடிச்சுப் போட்டு, ஒருத்தி வந்திருக்கா. ஒரே ஒருத்தி. அவகிட்ட என்ன குறையக் கண்டே? சொல்லு, கேப்போம். உன் சர்ச்சைத்தான் முதல்ல மூடுவாங்க, தெரியும்ல?"

"தெரியும்."

ஆர்ச்டீக்கன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "காரணம் கேக்க எனக்கு உரிமை இருக்கு. இப்ப கேக்கல. ஆனா நாலு மணிக்கு நான் பேராயர் ஆபீசுக்குச் சொல்லியாகணும், மிஸஸ் ப்ரோபர்ட். நாலே காலுக்கு இல்ல."

கார் நிறுத்துமிடத்தில் க்ளெம் தடியை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார்.

"ஏ புள்ள, நில்லு. அவதான?"

க்ளெனிஸ் கார்க் கதவில் கை வைத்தபடி நின்றாள்.

"பேச ஆரம்பிச்சு அஞ்சாவது நிமிஷமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. என் பட்டிக்கும் அவதான வந்தா. என் பட்டியிலேர்ந்துதான எல்லாம் ஆரம்பிச்சுது." கிழவர் தடியை மண்ணில் குத்தினார். "நான் சரின்னு சொன்னேன். சொல்லாம இருக்க எனக்கு யோக்கியதை இல்ல. ஆனா நீ வேணாம்னு சொன்னா, ஊர்ல ஒருத்தன் உன்னைக் குத்தம் சொல்ல மாட்டான். காரணத்தை நானே எந்திரிச்சுச் சொல்றேன். எம்ரிஸுக்கு நடந்தது எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்கும் தெரியாது, க்ளெம்," என்று சொல்லிவிட்டு அவள் வண்டியைக் கிளப்பினாள்.

கிரெய்க்டனுக்கு ஆறு மைல். எம்ரிஸ் மூன்று மணிக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிடுவான். இரண்டரைக்கு மேல் ஆகியிருந்தது. இருபக்கமும் வேலி உயர்ந்த குறுகிய பாதையில், வைக்கோல் கட்டு ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. ஒதுங்க இடமில்லை. அவள் ஹாரன் அடித்தாள். இந்த ஊரில் யாரும் ஹாரன் அடிப்பதில்லை. டிராக்டர்க்காரன் திரும்பிப் பார்த்து வணக்கம் சொல்லிக் கையாட்டினான்.

வேண்டாம் என்று சொன்னால் நியாயமான காரணம் கையிலேயே இருக்கிறது. ஊரே அவள் பக்கம் நிற்கும். க்ளெம் எழுந்து பேசுவார். எம்ரிஸ் அவளைக் கட்டிக்கொள்வான். அந்தப் பெண் இரண்டாம் முறையும் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு கார் ஏறிப் போவாள். நினைக்க நினைக்க க்ளெனிஸுக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பெண்ணை நினைத்து மட்டும் அல்ல. இருபத்திரண்டு வருஷமாகத் தன் வீட்டில் தானே ஒளிந்து வாழ்ந்ததை நினைத்து. டிராக்டர் ஒரு வயலுக்குள் திரும்பியபோது அவள் முடிவு செய்திருந்தாள்.

எம்ரிஸ் முற்றத்தில் மினிபஸ் டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றுக்கு எட்டு நிமிஷம் இருந்தது.

"என்ன, அதுக்குள்ள முடிஞ்சுதா? ஆள் எப்படி?"

"எம்ரிஸ், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நடுவுல பேசாத. சங்கிலிய வெட்டி அவங்க உள்ள வரல. பூட்டைத் திறந்து வந்தாங்க. சாவியைக் குடுத்தது நான்."

எந்தச் சங்கிலி என்று அவன் கேட்கவில்லை. குனிந்தபடியே இருந்தான். பிறகு, "எந்தச் சாவி?" என்றான்.

"டீ டப்பாவுக்குப் பின்னாடி தொங்குமே, அது."

"அவதான் சொன்னாளே..."

"பொய் சொன்னா. எனக்காக."

எம்ரிஸ் மெதுவாக நிமிர்ந்தான். அவன் முகம் கோபமாக இருந்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். வீட்டு விலாசம் மறந்துபோன ஆள்மாதிரி நின்றான்.

"மத்தியானம் உத்தரவு வந்துச்சு," என்றான்.

"தெரியும்."

"ரெண்டரை மணி நேரம், க்ளெனிஸ். அவ்வளவுதான்."

"தெரியும். ஓட ஓடச் சுடுவாங்கன்னு அவ சொன்னா. அதை நீ பாக்கக் கூடாதுன்னு நினைச்சேன். நானும் பாக்க முடியாதுன்னு நினைச்சேன். அதுதான் உண்மை."

"இப்ப எதுக்கு வந்து சொல்றே?"

"அவதான் வந்திருக்கா. ஆயர் வேலைக்கு. நான் ஒருத்தி வேணாம்னா நின்னுடும்."

"என்கிட்ட அனுமதி கேக்க வந்தியா?"

"இல்ல. நான் சரின்னு சொல்லப் போறேன். அவ இங்க வந்து குடியிருக்கப் போறா. அதுக்கு முன்னாடி நீ இதை என் வாயால கேக்கணும். அதுக்குத்தான் வந்தேன்."

காற்றழுத்தம் பார்க்கும் கருவியைச் சட்டைப் பைக்குள் வைக்க அவனுக்கு மூன்று முறை ஆயிற்று. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தான். கண்ணாடியை இறக்கினான். ஏதாவது சொல்வான் என்று அவள் நின்றாள்.

"புள்ளைங்க காத்துட்டு நிக்கும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

க்ளெனிஸ் ஆல்டர்வேக்குத் திரும்பியபோது மணி மூன்று நாற்பது. அவள் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"எனக்குச் சம்மதம்," என்றாள்.

ரோசலிண்ட் கைக்குட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டாள். ஆர்ச்டீக்கன் போய் ஹெஸ்டரை அழைத்துவந்து, பேராயரின் சார்பில் இந்த ஐந்து ஊர்களின் பொறுப்பை ஏற்கிறீர்களா என்று கேட்டார். ஹெஸ்டரின் கண் க்ளெனிஸைத் தேடியது.

"வீட்டுல சொல்லிட்டேன்," என்றாள் க்ளெனிஸ்.

வேறு யாருக்கும் அது விளங்கவில்லை. ஹெஸ்டர் தலையசைத்தாள். "ஏத்துக்கறேன்," என்றாள்.

அன்று மாலை எம்ரிஸ் ஏழு மணிக்கு வந்து, தன் தலையணையை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனான். அதன்பிறகு வீட்டில் பேச்சு என்றால் கேஸ் சிலிண்டர், நாய், தபால். அவன் கத்தவில்லை, பாத்திரத்தைக்கூட ஓசைப்பட வைக்கவில்லை. ஜூலையில் ஒரு நாள் க்ளெனிஸ் தங்கை வீட்டுக்குப் போய்விடலாம் என்று பெட்டியில் துணி அடுக்கினாள். அடுக்கி முடித்தபின், போனால் திரும்பி வரமாட்டோம் என்று தோன்றியது. மறுபடி எல்லாவற்றையும் அலமாரியில் வைத்தாள்.

செப்டம்பரில் ஆயர் பதவியேற்பு. ஆல்டர்வே தேவாலயத்தில் நிற்க இடமில்லை. ஐந்து ஊர் வார்டன்களும் வரிசையில் நின்று ஆயரைக் கைகுலுக்கி வரவேற்றார்கள். க்ளெனிஸின் கை ஜில்லிட்டிருந்தது. ஹெஸ்டரின் கையும் அப்படியே. எம்ரிஸ் வரவில்லை.

அக்டோபர் கடைசியில், மழை கொட்டிய சனிக்கிழமை ஒன்றில், அவன் காலையிலேயே எங்கோ போய்விட்டு மதியம் தெப்பலாக நனைந்து வந்தான். கோட்டை மாட்டிவிட்டுச் சமையலறைக்குள் வந்து நின்றான்.

"ஆயர் வீட்டுக்குப் போயிருந்தேன்."

க்ளெனிஸ் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"உள்ள வாங்கன்னா. வரமாட்டேன்னுட்டேன். வாசல்லயே நின்னேன். கொஞ்ச நேரத்துல அவளும் வெளியே வந்து என்கூட நனைஞ்சுக்கிட்டு நின்னா. குடைகூட எடுக்கல." எம்ரிஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எதுக்குப் பொய் சொன்னீங்கன்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"'நான் மறுநாள் வேற பண்ணைக்குப் போயிடுவேன். உங்க கோபமும் என்னோட போயிடும். அவங்க உங்களோட இருந்தாகணும்'னா."

மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது.

"எத்தனை ஆடுன்னு கேட்டேன். முந்நூத்துப் பன்னெண்டு தாய், இருநூத்துத் தொண்ணூத்தாறு குட்டி. யோசிக்கவேயில்ல, க்ளெனிஸ். நான் கேட்டு முடிக்கறதுக்குள்ள சொல்லிட்டா. அந்தக் கறுப்பு மூஞ்சி ஆடு ஒண்ணு இருந்துச்சே, காது கிழிஞ்சது, அது கடைசியா நின்னதுன்னா. எனக்கே அது தெரியாது. நான் அப்ப மாடியில போய்ப் படுத்துட்டேன்."

"அவ மேல இன்னும் கோபமா?"

"அவ மேல என்ன இருக்கு? இத்தனை வருஷமா ஆள் மாறிப்போய்த் திட்டியிருக்கேன்."

"என் மேல?"

எம்ரிஸ் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"அந்த வருஷமே சொல்லியிருந்தா உன்னை வெளியே அனுப்பியிருப்பேன். நெசமாத்தான் சொல்றேன். பத்து வருஷம் கழிச்சுச் சொல்லியிருந்தா ஒரு மாசம் கத்தியிருப்பேன். இப்ப எனக்கு அறுபத்தஞ்சு. என்ன பண்றதுன்னே தெரியல." பிறகு கேட்டான்: "சூப் இருக்கா?"

இருந்தது. சூடாக்கி வைத்தாள். இரண்டு கிண்ணம் குடித்தான். அவள் எதிரில் உட்கார்ந்து கிழங்கு சீவினாள். கண்ணீர் சொட்டியது, துடைத்துக்கொள்ளக் கையில் ஈரம். அவன் தன் கைக்குட்டையை மேசைமேல் அவள் பக்கம் தள்ளிவைத்தான். அதுவும் மழையில் நனைந்துதான் இருந்தது.

தலையணை அன்று பின்னறையிலிருந்து வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், யாரும் எதுவும் சொல்லாமல், வந்தது.

கிரெய்க்டனில் அந்தக் கிறிஸ்துமஸ் காலை ஆராதனைக்கு முப்பத்தொரு பேர் வந்தார்கள். முந்தின நாள் முழுக்க உறைபனி. க்ளெம் தடியோடு மெல்ல ஏறி வந்து வாசலில் மூச்சு வாங்கினார்.

"படியெல்லாம் வழுக்காம உப்பு போட்டிருக்கே. நீயா புள்ள?"

"எம்ரிஸ்," என்றாள் க்ளெனிஸ். "விடியறப்பவே வந்து போட்டுட்டுப் போயிட்டான்."

"உள்ள வரலையா?"

"இல்ல."

க்ளெம் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் ஹெஸ்டர் வெள்ளை அங்கியோடு கதவருகே வந்து, மணி அடிக்கலாமா என்று கேட்டாள். க்ளெனிஸ் கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.